ஏலாது எண்டால் என்ன ஏலாது? – வெள்ளவத்தை மாடி டிஸ்பென்சரி பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிஸ்பென்சரியின் பெயரையும் டொக்டரின் பெயரையும் போடப்போவதில்லை. எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன், "வேண்டாம் பிள்ளை, இருக்கிற சனமே படியில நிக்குது" என்றார். காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்று, கீழே பலசரக்குக் கடை, மேலே பச்சை ஷட்டர். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். வெளியில் இருந்து வருகிறவர்கள் பலசரக்குக் கடையில் கேட்டால் கையை மேலே காட்டுவார்கள்.

நாங்கள் போனது அம்மாவுக்காக. 74 வயது, பருத்தித்துறையில் தனியாக இருந்தவர், போன வருடக் கடைசியில்தான் கொழும்புக்கு என்னோடு வந்து சேர்ந்தார். வந்து இரண்டு கிழமையில் தொடங்கியது, "எனக்கு ஏலாமக் கிடக்கு" என்று. காலையில் ஏலாது, பின்னேரம் ஏலாது, மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போவோமா என்றால் "நீங்கள் போட்டு வாங்கோ, எனக்கு ஏலாது". ஊரில் விடியப்புறம் எழும்பி முற்றம் கூட்டி, கிணற்றடியில் நின்று செடிகளுக்குத் தண்ணீர் விட்ட மனிசி, இங்கே மூன்றாம் மாடியில் நாலு சுவருக்குள் கிடப்பதால் வந்த சோர்வு என்றுதான் நான் நினைத்தேன். பக்கத்து வீட்டு அன்ரியும் அதையே சொன்னார். ஹோர்லிக்ஸ் வாங்கினோம், உளுத்தங்களி கிண்டினோம், முட்டை, ஆட்டெலும்பு ரசம் எல்லாம் பார்த்தாயிற்று.

பிறகு கொழும்பில் எல்லோரும் செய்வதைச் செய்தோம். பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சனல் பண்ணி (டொக்டரைப் பார்க்க முன்கூட்டியே பதிந்து), இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, உள்ளே நாலு நிமிடம். டொக்டர் சிங்களவர், மரியாதையான மனிதர், ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். அம்மா தமிழில் சொல்ல நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அம்மா நீளமாகச் சொன்னார்: எழும்பினால் கண் இருட்டுது, குளிக்கிற அறைக்குப் போய் வந்தாலே களைக்குது, கால் உளைவு, ஒரு மாதிரி அந்தரமா இருக்கு, இரவில் நித்திரை வருகுது ஆனால் விடியச் சோர்வு. நான் இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரே சொல்லில் "வீக்னஸ்" என்றேன். அவரும் அந்தச் சொல்லைத்தான் துண்டில் எழுதினார். ஒரு சேலைன் போத்தல், விற்றமின் ஊசி, ஒரு மாதத்துக்குச் சத்து மாத்திரை. எல்லாமாக 11,000 ரூபாயை ஒட்டி வந்தது. அன்று பின்னேரம் அம்மா கொஞ்சம் உசாராக இருந்தார், அடுத்த நாள் பழையபடி.

ஆஸ்பத்திரியை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பாதிப் பிழை என்னுடையது. அம்மா ஐந்து சொல் சொன்னார், நான் ஒன்றைத்தான் கொடுத்தேன். ஆனால் மற்றப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

இனி டிஸ்பென்சரி.

முதல் குறை படி. 16 படி, செங்குத்து, கைபிடி இடது பக்கம் மட்டும்தான். ஏலாது என்று வருகிறவர்களை ஏலாத படியில் ஏற்றுகிறார்கள். லிஃப்ட் கிடையாது, தூக்கிக்கொண்டு போக ஆளும் இல்லை. அம்மா இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினார், நான் பின்னால் ஒரு கையை அவர் முதுகில் வைத்துக்கொண்டு டொக்டரை மனதுக்குள் திட்டிக்கொண்டு போனேன். நம்பர் துண்டு பின்னேரம் ஐந்து மணியில் இருந்து கொடுக்கிறார்கள், டொக்டர் ஐந்தரைக்கு வருவார் என்று போட்டிருக்கிறது, நாங்கள் போன மூன்று தடவையும் ஆறு மணி தாண்டித்தான் வந்தார். போன் எடுக்கமாட்டார்கள். கார்ட் வேலை செய்யாது, காசு கொண்டு போக வேண்டும்.

ஆனால் அந்தக் காத்திருக்கும் அறையில் இருந்த ஒரு மணித்தியாலம் எனக்கு வீணாகத் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே கேட்ட தமிழை வேறு எங்கேயும் ஒரே அறையில் கேட்க முடியாது. பக்கத்தில் ஹற்றனில் இருந்து வந்து கொட்டாஞ்சேனையில் மகளோடு இருக்கும் ஒரு அம்மா, "கை காலெல்லாம் வெலவெலங்குதுங்க, ஒன்னும் முடியல" என்று மருந்து கொடுக்கும் பிள்ளையிடம் சொன்னார். எதிரில் முக்காடு போட்ட ஒரு உம்மா, தெகிவளைப் பக்கம் என்று நினைக்கிறேன், மகனிடம் "ஏலா வாப்பா, இன்னும் எத்தின பேரு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சிங்களக் கிழவர் "பண நே" என்றார். பண என்றால் உயிர், உடம்பில் உயிரில்லை என்கிற மாதிரி. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் அவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு, சொல்லிவிட்டு மனிதர் பிளேன்டீ குடிக்கப் படியிறங்கிப் போனார். டொக்டர் மட்டக்களப்பு ஆள். அங்கே "ஒண்ணாது" என்பார்களாம். யாழ்ப்பாணத்து "ஏலாது", மலையகத்து "முடியல", மட்டக்களப்பு "ஒண்ணாது", இந்த மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு வேலைக்கு வந்து பிறகுதான் ஒவ்வொரு ஊர்ச் சனமும் அதற்குள் வேறு வேறு வருத்தத்தை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்ததாக அவரே சொன்னார். (வருத்தம் என்றால் எங்களுக்கு நோய். சென்னையில் இருக்கும் என் மச்சாள் இதை வாசித்தால் எல்லோரும் ஏதோ கவலையில் இருக்கிறார்கள் என்று நினைப்பாள்.)

எங்கள் நம்பர் 14. உள்ளே போனதும் அம்மாவை இருக்கச் சொல்லிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "படி ஏறேக்க எத்தினை தரம் நிண்டனீங்கள்?"

"ரெண்டு தரம்."

"ஏன் நிண்டனீங்கள்? களைச்சதோ, கால் வலிச்சதோ, கண் இருட்டினதோ?"

அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். "முதல் தரம் களைச்சது. ரெண்டாந்தரம் கிறுகிறுத்தது."

அவர் எழுதினார். நான் வாய் திறக்கப் போனேன், "டொக்டர், அம்மாவுக்கு ஒரு மாதமா வீக்னஸ்..." என்று. என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், பொறு என்று. "அம்மா சொல்லட்டும்." எனக்கு முகம் சுட்டது, ஆனால் சரிதான்.

அதன் பிறகு அவர் கேட்டவற்றை வீட்டுக்கு வந்து நினைவில் இருந்து எழுதி வைத்தேன், ஏனென்றால் இப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஏலாது எண்டா என்ன ஏலாது?" என்று தொடங்கினார். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்ப ஏலுமா, எழும்பிக் காட்டுங்கோ. தலை இழுக்க (சீவ) கை மேலே தூக்க ஏலுமா. போத்தல் மூடி திறக்க ஏலுமா. ஒரு பக்கக் கையா, இரண்டு கையுமா. அம்மா எழும்பிக் காட்டினார், கையைத் தூக்கிக் காட்டினார், எல்லாம் ஏலும். "அப்ப தசையில பெலன் இருக்கு, பெலவீனம் எண்டு எழுத ஏலாது" என்றார். அப்புறம் களைப்பா இளைப்பா, நெஞ்சுக்குள் சத்தம் வருகுதா, முந்தித் தொய்வு (ஆஸ்மா) இருந்ததா. படுத்தால் களைக்குதா, எத்தனை தலையணை. உளைவு என்றால் எங்கே, மூட்டிலா சதையிலா. சாப்பிட மனம் இருக்கா. கோயிலுக்குப் போக ஏலாதா, போக மனமில்லையா.

பிறகு கேட்டாரே ஒரு கேள்வி, "அம்மா குறை நினைக்காதேங்கோ, இது ஏலாமையோ, பஞ்சியோ?"

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரிடம் பஞ்சியா என்று கேட்பது எவ்வளவு துணிவு என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பஞ்சி என்றால் சோம்பல், வேலைக்கள்ளம், ஊரில் அது ஏச்சு. அம்மா நிமிர்ந்து இருந்தார், ஒரு மாதத்தில் நான் பார்த்த முதல் உசார். "பஞ்சியோ? நான் விடிய நாலு மணிக்கு எழும்புற மனிசி. மனம் எழும்பி நடக்குது டொக்டர், உடம்பு பின்னால வருகுதில்லை." டொக்டர் சிரித்துக்கொண்டு அதை அப்படியே எழுதினார், தமிழில். துண்டில் மற்றதெல்லாம் ஆங்கிலக் கிறுக்கல், நடுவில் அந்த ஒரு வரி மட்டும் தமிழ்.

ஏன் அப்படிக் கேட்டார் என்று பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். பஞ்சி என்றால், அல்லது மனமே இல்லை என்றால், அவர் தைரொயிட்டையும் மனச்சோர்வையும் முன்னுக்கு வைத்துத் தேடுவாராம். ஊரை விட்டு வந்த வயதானவர்களில் மனச்சோர்வு "ஏலாது" என்ற சொல்லைப் போர்த்திக்கொண்டுதான் வருமாம். தசையில் உண்மையாகவே பெலன் குறைந்தால் அது நரம்பு, தசைப் பக்கம் போகிற விசாரணை. ஒரு பக்கக் கையும் காலும் திடீரென்று சோர்ந்தால், வாய் கோணினால், டிஸ்பென்சரிக்கே வரக்கூடாது, அது பாரிசவாதம், நேரே 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்கு. களைப்பு என்றால் இருதயம், நுரையீரல், சோகை. எழும்பும்போது கண் இருட்டினால் பிரஷர், மருந்து, தண்ணீர்க் குறைவு. ஒரே "ஏலாது"க்குள் இவ்வளவு கதவு. நான் "வீக்னஸ்" என்று சொன்னபோது எல்லாக் கதவையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறேன்.

அதன் பிறகு, "சரி, நாடியைப் பாப்பம்."

என் ஒன்பது வயது மகளும் கூட வந்திருந்தாள், விடுமுறை. அவளுக்கு நாடி என்றால் நாடி மட்டும்தான், வாய்க்குக் கீழே இருப்பது. "அம்மம்மாட நாடி மேல இருக்கு, டொக்டர் ஏன் கையில தேடுறார்?" என்று சத்தமாகவே கேட்டாள். டொக்டர் ஒரு விநாடி முழித்துவிட்டுச் சிரித்தார். மட்டக்களப்பானைச் சிரிக்க வைத்த யாழ்ப்பாணத்து நாடி.

நாடி பிடித்ததைப் பற்றிக் கொஞ்சம் எழுதத்தான் வேண்டும். இப்போதெல்லாம் யார் கையைப் பிடிக்கிறார்கள்? விரலில் கவ்வியை மாட்டுவார்கள், மெஷின் இலக்கத்தைக் காட்டும், தாதி எழுதுவார், முடிந்தது. இவர் அம்மாவின் மணிக்கட்டை மேசையில் வைத்து, பெருவிரல் பக்கம் மூன்று விரலை வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் பேசாமல் இருந்தார். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கவில்லை. பிறகு அம்மாவை எழுப்பி நிற்க வைத்து மறுபடியும் பிடித்தார், நிற்கும்போது பிரஷரும் பார்த்தார்.

"ஆறுதலா அடிக்குது" என்றார்.

ஆறுதல் என்றால் எங்களுக்கு மெதுவாக என்றும் பொருள், "ஆறுதலா வாங்கோ" என்று வழியனுப்புவோமே, அதுதான். அம்மாவுக்கு அது நல்ல செய்தி மாதிரிக் கேட்டது. "ஆறுதலா அடிச்சா நல்லந்தானே டொக்டர்?" "கொஞ்சம் கூட ஆறுதல் அம்மா. 48."

பெரிய ஆட்களுக்கு ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60இல் இருந்து 100 வரை என்பது பாடப்புத்தகக் கணக்கு. நன்றாக ஓடி ஆடுகிற விளையாட்டு வீரர்களுக்கு 50க்குக் கீழேயும் இருக்கும், அது வருத்தம் இல்லை. 74 வயதில், எழும்பினால் கண் இருட்டும் ஒருவருக்கு 48 என்றால் தேடிப் பார்க்கத்தான் வேண்டும்.

நான் கேட்டேன், "அப்ப நாடி பலவீனமா இருக்கெண்டு சொல்லலாமோ?" அதற்கு அவர் விளக்கியது எனக்குப் பிடித்தது. நாடியில் மூன்று விடயம் வேறு வேறாகப் பார்க்க வேண்டுமாம், வேகம், ஒழுங்கு, நிறைவு. "கிணத்து மோட்டர் போட்டு வயல் பைப்பைக் கையால பிடிச்சிருக்கிறீங்களோ? தண்ணி நிறைஞ்சு வந்தா பைப் கைக்குள்ள துள்ளும். கிணத்தில தண்ணி குறைஞ்சா மோட்டர் வேகமாத்தான் ஓடும், பைப் துள்ளாது." வேகமாகவும் மெலிசாகவும், நூல் மாதிரி ஓடுகிற நாடிதான் அவர் பயப்படுகிற நாடி. இரத்தம் போனால், வயிற்றோட்டத்தில் தண்ணீர் வற்றினால், டெங்கு அதிர்ச்சிக்குப் போனால் அப்படி இருக்குமாம். அம்மாவுடையது நூல் இல்லை, வேகமும் கொஞ்சம் நிறைவும் குறைந்தது, ஒழுங்கு சரி. பிரஷர் இருக்கும்போது 110க்கு 60, நின்றபோது 90க்கு வந்தது.

இங்கே அம்மா குறுக்கிட்டார். ஊரில் பரியாரியார் (நாட்டு வைத்தியர்) நாடி பிடித்தால் கண்ணை மூடிக்கொள்வார், ஆம்பிளைக்கு வலது கை, பொம்பிளைக்கு இடது கை, டொக்டர் ஏன் வலது கையைப் பிடித்தவர் என்று. டொக்டர் பொறுமையாக இடது கையையும் பிடித்துப் பார்த்தார், அம்மாவுக்காகத்தான் என்று நினைக்கிறேன், ஆனால் இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லதுதான் என்றார். சித்த வைத்தியத்தில் சுட்டுவிரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிரவிரலுக்கு ஐயம் (கபம்) என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒன்று, அரை, கால் என்று மாத்திரைக் கணக்கும் உண்டு. வாதம் அன்னம் மாதிரி, கோழி மாதிரி நடக்கும், பித்தம் ஆமை, அட்டை, ஐயம் தவளை, பாம்பு. அந்த வைத்தியத்தை நம்பி நான் அம்மாவின் இருதயத்தை ஒப்படைக்கமாட்டேன், அது வேறு கதை. ஆனால் விரலுக்குக் கீழே ஓடுவதைச் சொல்ல இவ்வளவு உயிரினங்களைக் கூட்டி வந்தவர்கள் கவனமாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அட்டை ஊர்வதையும் தவளை பாய்வதையும் விரல் நுனியில் பிரித்தறிகிறவரை, இலக்கத்தை மட்டும் பார்க்கிற என்னோடு ஒப்பிட ஏலாது.

நாடிக்கு ஊரில் இருந்த சொற்களை அம்மா அன்று ஓட்டோவில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நாடி தளர்ந்துபோச்சு என்றால் கஞ்சி கொடு, பார்க்கலாம். நாடி ஒடுங்குது என்றால் வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தந்தி அடி. நாடி விழுந்துபோச்சு என்றால் பந்தல்காரனுக்குச் சொல்லலாமா என்று பெரிய ஆம்பிளையள் முற்றத்தில் கூடிக் கதைப்பார்கள். நாடி அடங்கிப்போச்சு என்றால் அழுகைச் சத்தம் கேட்கும். எண் ஒன்றும் இல்லாமல் நாலு படி வைத்திருந்திருக்கிறார்கள். ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடியால் அம்மாவைப் பார்த்துப் பார்த்து வந்தான், இவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று.

சரி, விசயத்துக்கு வருகிறேன். டொக்டர் கேட்டார், "என்ன மருந்து எடுக்கிறா? சரையளைக் கொண்டந்தனீங்களோ?" (சரை என்றால் மாத்திரை போட்டுத் தரும் கடதாசிப் பொட்டலம்.) கொண்டு போகவில்லை. பிரஷருக்கு ஒரு மாத்திரை, கொலஸ்ரோலுக்கு ஒன்று என்றேன். "பிரஷருக்கு என்ன மாத்திரை?" வெள்ளை, சின்னன். அவர் பேனாவை வைத்துவிட்டார். "கொழும்பில பாதி மாத்திரை வெள்ளை, சின்னன்." வீடு கிட்ட என்பதால் நான் ஓடிப் போய், தலையணைக்குக் கீழே, சாமித்தட்டில், கைப்பைக்குள் இருந்த எல்லாவற்றையும் ஒரு பைக்குள் கொட்டிக்கொண்டு வந்தேன். மேசையில் கொட்டினார். ஒவ்வொன்றாகப் பிரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தை வாசித்தார். இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னிடம் தள்ளினார்.

ஒன்று கிளினிக்கில் கொடுத்த சரை, கையால் "அட்டெனோலோல் 50" என்று எழுதியது. மற்றது ஊரில் தனியார் டொக்டர் ஒருவர் முந்தி எழுதிக் கொடுத்து, பார்மசியில் வாங்கிய அட்டை, பளபளவென்று கம்பனிப் பெயர். அந்தப் பெயருக்குக் கீழே, எறும்பு அளவில், அதே அட்டெனோலோல், அதே 50. அம்மா இரண்டையும் எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்று பிரஷருக்கு, மற்றது "நெஞ்சு படபடப்புக்கு" என்று. ஊரில் அட்டை முடிந்திருந்ததால் சில மாதம் ஒன்றுதான் ஓடியது, கொழும்புக்கு வந்ததும் நான்தான் பழைய துண்டைக் காட்டி மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்தேன். பாசம்.

அந்த மாத்திரையின் வேலையே இருதயத்தின் வேகத்தைக் குறைப்பதுதான். இரட்டிப்பாகப் போனால் நாடி ஆறுதலாகாமல் என்ன செய்யும்? உடனே இரண்டையும் குப்பையில் போடலாம் என்றேன், அவர் கொஞ்சம் சத்தமாகவே "செய்யாதேங்கோ" என்றார். அந்த வகை மாத்திரையைத் திடீரென்று முழுதாக நிறுத்தினால் இருதயம் எதிர்ப்பக்கம் துள்ளும், நெஞ்சு நோவு வரலாம். அட்டையை நிறுத்திவிட்டு, சரையை மட்டும் தொடரச் சொன்னார். அன்றிரவே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார், நாடி மெதுவானதற்கு இருதயத்தின் மின்பாதையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்தில் பழியைப் போடக்கூடாதாம். இரத்தத்தில் சோடியம், தைரொயிட், ஹீமோகுளோபின். கண் இருட்டி விழுந்தால், நெஞ்சு நோவு வந்தால் தன்னிடம் வர வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. கிளினிக்குக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

ஈ.சி.ஜி.யில் அடைப்பு இல்லை. ஹீமோகுளோபின் 10.8 வந்தது, பெண்களுக்கு 12க்குக் கீழே என்றால் சோகைக் கணக்கு, அதற்குத் தனியாக மருந்தும், ஏன் குறைந்தது என்று தேடலும் நடக்கிறது. ஆகவே களைப்பில் ஒரு பங்கு அதற்கும் உண்டு. ஒரு கிழமையில் நாடி 60ஐத் தொட்டது, அடுத்த கிழமை 64. கண் இருட்டு நின்றது. கால் உளைவு அப்படியே இருக்கிறது, அது முழங்கால் தேய்வு, அதற்கு டொக்டர் ஒன்றும் பெரிதாக வாக்குக் கொடுக்கவில்லை.

இப்போது அந்த மற்றப் பாதி. சேலைன் ஏற்றிய தனியார் ஆஸ்பத்திரித் துண்டை வீட்டில் தேடி எடுத்துப் பார்த்தேன். மேல் மூலையில் தாதி எழுதியிருந்தார், நாடி 50. எழுதியிருக்கிறார்கள், யாரும் வாசிக்கவில்லை. அதைவிட வெட்கம், கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கவ்வி மெஷின் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, அந்த ஒரு மாதத்தில் நானே நாலைந்து தரம் அம்மாவின் விரலில் மாட்டியிருக்கிறேன். மேலே 97, கீழே 49. ஒட்சிசன் 97, நல்லம் என்று கழற்றி வைத்தேன். கீழே இருந்த இலக்கம் என் கண்ணில் பட்டது, பற்றரி போயிருக்கும் என்று நினைத்தேன்.

மெஷினைப் பற்றியும் இதிலேயே சொல்லிவிடலாம், பலர் வைத்திருப்பதால். அதில் இரண்டு இலக்கம் வரும், ஒன்று ஒட்சிசன் நூற்றுவீதம், மற்றது நாடித் துடிப்பு. இரண்டையும் பாருங்கள். விரல் குளிர்ந்திருந்தால், நகப்பூச்சு இருந்தால் சரியாகக் காட்டாது, நாடி மிக மெலிந்தால் தேடிக்கொண்டே இருக்கும், கோடுதான் வரும். அப்படி வந்தால் மெஷினைத் தட்டாமல் ஆளைப் பாருங்கள்.

டிஸ்பென்சரிச் சுவரில் டெங்கு அறிவித்தல் ஒன்று, கையால் எழுதியது, மூன்று மொழியிலும். தமிழ் வரி இப்படி: "காய்ச்சல் விட்ட பிறகு ஏலாமல் வந்தால் அலுப்பு என்று விடவேண்டாம், உடனே வாருங்கள்." அதை வாசித்தபோது எனக்குக் கை குளிர்ந்தது. 2017இல் நாடு முழுக்க 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவான வருடம், என் மூத்தவனும் அதில் ஒருவன், அப்போது ஆறு வயது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், பிள்ளை சோர்ந்து படுத்திருந்தான். "காய்ச்சல் விட்ட அலுப்பு, நித்திரை கொள்ளட்டும்" என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். அலுப்பு என்றால் வேலை செய்த களைப்பு மாதிரி, படுத்து எழும்பினால் போகும் என்கிற சொல். காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்று இரண்டு நாள்தான் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசிகிற நேரம் என்பதும், மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் இடைவெளி 20க்கு வந்தால் ஆபத்து என்பதும், கை கால் குளிர்ந்து நாடி நூலாகும் என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. பிளேட்லெட்டையும் பப்பாசி இலையையும் பற்றித்தான் எல்லோரும் கதைத்தார்கள். பிள்ளையின் கால் குளிர்ந்திருப்பதை அம்மாதான் போர்வை போர்த்தும்போது கண்டு கத்தினார். ஆஸ்பத்திரியில் நாலு நாள். இப்போது 14 வயது, பஞ்சி பிடித்தவன், அது நிச்சயமாகப் பஞ்சிதான்.

இந்த நாட்டில் மருத்துவபீடங்களில் படிப்பு ஆங்கிலத்தில். தமிழ் டொக்டர்கள்கூடப் படித்ததை ஆங்கிலத்தில்தான் யோசிக்கிறார்கள். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, பாடநூல்களைத் தமிழாக்கி, சொல் தேடித் தேடிச் சேர்த்தவர் என்று சொல்லுவார்கள். இந்த டொக்டரிடம் அதைச் சொன்னேன். "அவர் புத்தகத்துக்குச் சொல் தேடினார், எனக்குச் சனம் கொண்டந்து தருகுது" என்றார். மேசை லாச்சியில் பழைய கொப்பி ஒன்று, அதில் நோயாளிகள் சொல்லும் சொற்களை ஊர்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். அம்மாவின் வரியும் அதில் ஏறிவிட்டது. ஒரு பக்கத்தைத்தான் காட்டினார், "சத்து இல்லை" என்பதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி ஒன்று போட்டிருந்தது.

எல்லோருக்கும் இந்த இடம் சரிவராது. அவசரக்காரருக்குச் சரிவராது, ஒரு ஆளுக்கு 15 நிமிடம் என்றால் பின்னால் இருப்பவர்கள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள். கூட வருகிற பிள்ளைகளை அவர் பேச விடுவதில்லை, சிலருக்குக் கோபம் வருகிறது, ஒரு அங்கிள் எங்களுக்கு முன்னால் எழும்பியே போனார். ஊசி கேட்டால் கொடுக்கமாட்டார். சத்து மாத்திரை கேட்டால் "மரக்கறி வாங்குங்கோ, மலிவு" என்பார், இன்றைய விலையில் அது பகிடி. மருந்தோடு சேர்த்து எங்களிடம் எடுத்தது 1,200 ரூபாய், இரண்டாம் தடவை 600. ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அரையைப் படிக்காகக் குறைத்தேன்.

போகிறவர்கள் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு, சரையோடு கொண்டு போங்கள், சாமித்தட்டையும் பாருங்கள். புதன் பூட்டு. மழை நாளில் படி வழுக்கும், இடது பக்கக் கைபிடியைப் பிடித்து ஏறுங்கள், எத்தனை இடத்தில் நின்றீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள், கேட்பார்.